இருமலே இல்லை, வயிற்றுப்போக்கு மட்டும்: இதுவும் கொரோனாவா?

"என் கணவருக்கு வயது 46. கொரோனா வந்தபோது இருமலே இல்லை, மூன்று நாள் வயிற்றுப்போக்குதான். நெகட்டிவ் ஆகி மூன்று வாரமாகியும், சாப்பிட்டு எழுந்ததும் கழிவறைக்கு ஓடுகிறார். வயிறு உப்புகிறது. கிருமி குடலிலேயே தங்கிவிட்டதா? வீட்டில் ஒரே கழிவறைதான்" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்ட கொரோனா நோயாளிக்கே குமட்டல், வாந்தி, பேதி எல்லாம் இருந்தன. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம் நுரையீரலைவிடச் சிறுகுடலின் உள்சுவரில்தான் அதிகம். அதனால் சிலருக்கு வயிறுதான் முதலில் கெடுகிறது.

காய்ச்சல் போன பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் தென்படலாம். அவை பெரும்பாலும் உயிரற்ற மிச்சங்கள். கழிவறையின் மூடியை மூடிவிட்டு ஃபிளஷ் செய்வது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இரண்டும் போதும்.

சரி, அப்புறம் ஏன் இந்த அவதி? குடலின் உள்சுவர் முழுதாக ஆற நாளாகும். அதுவரை பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காமல் போகலாம். அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. காலையில் பால் காபி குடித்த அரை மணியில் வயிறு கடமுடா என்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். அப்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? வைரஸை அது ஒன்றும் செய்யாது, ஆனால் குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தேவையில்லாமல் அதை விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும். அதன் பிறகு பேதி தொடர்ந்தால் மலப் பரிசோதனை அவசியம்.

தண்ணீராகப் போகும் நாளில் ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பொட்டலம் முழுவதையும் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்கவேண்டும். குறைத்தோ கூட்டியோ கலக்காதீர்கள்.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடை குறைவது, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றாலும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஒரு முறை போய் வாருங்கள். போகும்போது, அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.