ஆத்தங்குடி கல்லைக் கூரியரில் அனுப்ப, பெட்டிக்குள் என்ன வைக்கலாம்?

கேள்வி: ஆத்தங்குடியில் கல் (தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் டைல்) பட்டறை வைத்திருக்கிறோம். சென்னை, பெங்களூரு ஆர்க்கிடெக்ட்களுக்கு மாதிரிக்காக 8 இஞ்ச் கல் நாலை ஒரு பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். தெர்மாக்கோல், பபிள் ராப் எல்லாம் வைத்தும் முனை உடைகிறது. எதை வைத்தால் உடையாது?

பதில்: முதலில் ஒட்டின பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் வந்தால் எதை வைத்தாலும் உடையத்தான் செய்யும்.

நாலு கல் சேர்ந்தால் 6, 7 கிலோ வரும். அந்தக் கனத்துக்கு பபிள் ராப்பின் குமிழ் சீக்கிரமே வெடித்துவிடும், அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக் தாள். தெர்மாக்கோல் முதல் அடியை நன்றாகவே வாங்கிக்கொள்ளும், ஆனால் நசுங்கின இடம் திரும்ப எழும்பாது. அந்தப் பள்ளத்தில் கல் ஆட ஆரம்பிக்கும், அடுத்த அடி நேரே முனையில்தான்.

உங்களுக்குச் சரிப்படுவது ஈ.பி.இ. ஃபோம் (பாலிஎத்திலீனில் செய்கிற, வளைந்து கொடுக்கும் ஃபோம்). நசுங்கினாலும் எழும்பி நிற்கும், கத்தியால் வெட்டிக்கொள்ளலாம், வார்க்கிற அச்சுக்கென்று தனிச் செலவு இல்லை. தடிமனை மட்டும் சொல்லி வாங்காமல் டென்சிட்டியையும் (அடர்த்தி) கேளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் சுலபமாக அடிதட்டுகிற ஃபோம் கண்ணாடிச் சாமானுக்கு ஆகும், உங்கள் கல்லுக்கு ஆகாது.

கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பதுதான் நல்லது. ஆனால் நிறுத்தினால் அவ்வளவு கனமும் 2 செ.மீ. விளிம்பில் இறங்கும், மெத்தென்ற ஃபோமை அரிவாள்மணை மாதிரி அறுத்துக்கொண்டு போய்விடும் (பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்). அதனால் பூப்போட்ட முகமும் முகமும் சேர்கிற மாதிரி இரண்டிரண்டாக வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாள் கொடுத்து, நாலையும் அட்டையால் சுற்றி ஒரே கட்டாக இறுக்கி, அடியில் ஒரு 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைத்துண்டு வையுங்கள், கனம் பரவிவிடும். அந்தக் கட்டின் எட்டு மூலைக்கும் கெட்டி ஃபோமில் மூலைக்கட்டை. முனை எங்கேயும் வெளிப்பெட்டியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, தொட்டியில் ஊறி வந்த கல்லை முழுக்கக் காயவிடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று முகத்தில் உப்புப் பூத்துவிடும். செய்தித்தாளும் வேண்டாம், வெளிர் நிறத்தில் மை ஏறும்.

ஐயா காலத்தில் லாரிக்கு வைக்கோல் திணித்ததைக் குறை சொல்லமாட்டேன், மொத்தச் சரக்குக்கு இன்றும் அது மலிவு. வெளிநாட்டுக்கு மட்டும் வேண்டாம், பூச்சி, விதை வந்துவிடும் என்று துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பட்டறையில் கழித்த கல் கிடக்குமே, அதில் நாலை இப்படிக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து பெட்டியின் மூலை தரையில் படுகிற மாதிரி இரண்டு மூன்று தடவை போட்டுப் பாருங்கள். கல் தப்பி, மூலை ஃபோம் ஒரேயடியாகத் தட்டையாகியிருந்தால் இன்னும் ஒரு படி கெட்டியானதை வாங்குங்கள்.