பறவைக் காய்ச்சல் ஆள் பார்த்துத் தொற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் பகுதியில் முட்டைக்கோழிப் பண்ணைகள் அதிகம். பறவைக் காய்ச்சல் புகுந்தால் பண்ணையே சில நாட்களில் காலியாகிவிடும் என்கிறார்கள். அதே கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கோ அது அரிதாகத்தான் தொற்றுமாம். இது எப்படி?
– வாசகி, புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்

பதில்: உயிரணுவின் மேற்பரப்பில் வேறு வேலைக்காக அமைந்திருக்கும் ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொண்டால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். அதையே ஏற்பி என்கிறோம். கொரோனாவுக்கு அது ஏசிஇ2. ஃப்ளூ வைரஸுக்கு, சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் உள்ள சியாலிக் அமிலம்.

இந்தச் சியாலிக் அமிலம் அடுத்துள்ள சர்க்கரையோடு ஆல்ஃபா 2,3 என்றும் ஆல்ஃபா 2,6 என்றும் இருவிதமாக இணைந்திருக்கும். பறவை வைரஸ்கள் முதல் வகையையும், மனிதரிடையே பரவும் ஃப்ளூ வைரஸ்கள் இரண்டாம் வகையையும் நாடுகின்றன. ஏற்பியைப் பற்றுவதற்கென வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் புரதம் ஒவ்வொன்றின் பிடியும் தனித்தனியே வலுவற்றது. வேட்டியில் ஒட்டும் நாயுருவிக் கதிரைப் போல, பல பிடிகள் சேர்ந்தால்தான் வைரஸ் நிலைக்கும். நம் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் பெரும்பாலும் இரண்டாம் வகையே இருப்பதால், பறவை வைரஸுக்கு அங்கே போதிய பிடி கிடைப்பதில்லை.

ஆனால் கண்ணின் வெண்படலத்திலும் நுரையீரலின் அடியாழத்துக் காற்றுப்பைகளிலும் முதல் வகை உண்டு. ஆகவே, நோயுற்ற கோழிகளின் எச்சத்தூசியை நிறைய உள்ளிழுப்பவருக்குக் கடும் நிமோனியா வரக்கூடும்; முகக்கவசத்தோடு கண்ணாடியும் அணியச் சொல்வதன் காரணம் இதுதான்.

பண்ணை காலியாவதற்குக் காரணம் வேறு. ஒட்டிய வைரஸை உயிரணு ஒரு நுண்பையாக உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்தப் பையில் அமிலத்தன்மை கூடும்போது ஹீமக்ளூட்டினின் வடிவம் மாறி, வைரஸின் சவ்வையும் பையின் சவ்வையும் ஒன்றாக்கி, வைரஸின் மரபுப்பொருளுக்கு வழிவிடுகிறது. அதற்கு அந்தப் புரதம் முன்பே ஒரு நொதியால் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். வீரியம் குறைந்த வகைகளை வெட்டும் நொதிகள் குடலிலும் மூச்சுப்பாதையிலுமே உள்ளன. வீரியம் மிக்க எச்5, எச்7 வகைகளையோ எல்லா உறுப்புகளிலும் உள்ள ஃபியூரின் என்ற நொதி வெட்டிவிடுவதால், கோழியின் உடல் முழுவதும் நோய் பரவுகிறது.

இந்த ஏற்பித் தடை நிலையானதல்ல. 1957, 1968 ஃப்ளூ பெருந்தொற்றுகளின் வைரஸ்களில், ஹீமக்ளூட்டினினின் இரண்டே அமினோ அமிலங்கள் மாறியதே பறவை ஏற்பியிலிருந்து மனித ஏற்பிக்குத் தாவப் போதுமானதாக இருந்தது. வைரஸ் பெருகப் பெருக அத்தகைய மாற்றத்துக்கு வாய்ப்பும் கூடுகிறது என்பதால்தான் நோய் கண்ட பண்ணையின் கோழிகளை உடனே அழிக்கிறார்கள். பண்ணையாளர் தயங்காமல் தகவல் சொல்ல வேண்டுமானால், இழப்பீடும் தாமதமின்றி அவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.