பென்னாகரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. ஒகேனக்கல் வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா?

விடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். 1 முதல் 6 அறைகள், மொத்தம் 12 படுக்கைகள் வரைதான். தங்குபவர் எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் வாங்கி, பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு இணையத்தில் தெரிவிப்பது கட்டாயம்.

காகித வேலையைவிடத் தண்ணீர்தான் தலைவலி. நம் பக்க போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. நீரோ வையுங்கள். உப்புநீரில் கீசர் காயில் சீக்கிரம் போகும். சூட்டை 50–55 டிகிரியில் நிறுத்தி, ஆறு மாதத்துக்கொரு முறை கழற்றி உப்பைச் சுரண்டுங்கள்.

அடுத்தது எண்ணெய். அருவிக்கரையில் மசாஜ் செய்துகொண்டு அப்படியே வந்து கட்டிலில் சாய்வார்கள். வெள்ளை விரிப்பு ஆசையே வேண்டாம். அடர்நிறப் பருத்தியில் கட்டிலுக்கு 3 செட், மெத்தைக்கு நீர்புகா உறை. கறையில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து 15 நிமிடம் விட்டு வெந்நீரில் அலசுங்கள். குளியலறையில் ரப்பர் மேட் இல்லாவிட்டால் வழுக்கி விழுவார்கள்.

ஆடிப்பெருக்குக்குப் பாதி முன்பணம் வாங்கலாம். ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை வரும், உடனே ரத்து அழைப்புகளும் வரும். எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதை முன்பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.