வரியைத் தனியாகத்தான் கட்டுகிறேன், ஆனாலும் பெற்றோர் விவரம் கேட்கிறார்கள்

கேள்வி: எனக்கு 20 வயது. அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்றிருக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறேன். ஒன்றரை ஆண்டாகத் தோழியின் குடும்பத்தோடு தங்கி, பகுதிநேர வேலை பார்த்து, வருமான வரியையும் தனியாகவே தாக்கல் செய்கிறேன். இருந்தும் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் என் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கிறது. என்னைப் பெற்றோரைச் சாராத தனித்த மாணவியாக ஏற்க வைக்க வழி உண்டா? அப்பா அடித்ததால்தான் வீட்டை விட்டு வந்தேன். அதன் பிறகு அம்மாவும் பேசுவதில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வழி உண்டு. ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு செய்திகளைத்தான் கல்லூரியிடம் முதலில் சொல்ல வேண்டும். தனியாக வசிப்பது, சம்பாதிப்பது, வரி கட்டுவது, பெற்றோர் பணம் தர மறுப்பது ஆகிய எதையும், அவை எல்லாம் சேர்ந்து வந்தாலும், கூட்டரசு விதிகள் போதிய காரணமாக ஏற்பதில்லை. 24 வயது நிறைந்தவர், திருமணமானவர், முதுநிலை பயில்பவர், படைப்பணியில் இருந்தவர், 13 வயதுக்குப் பின் பெற்றோர் இருவரையும் இழந்தவர் போன்றோர் தாமாகவே தனித்த மாணவராகிறார்கள். இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்களுக்காகவே ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்றொரு பிரிவு இருக்கிறது. வீட்டில் வன்முறை அல்லது அச்சுறுத்தல், பெற்றோரால் கைவிடப்படுதல், உறவு முறிந்துபோதல், பெற்றோர் சிறையில் இருத்தல் முதலியவை இதில் அடங்கும். விண்ணப்பத்தில் இதைப் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தால், 2024-25 கல்வியாண்டிலிருந்து, பெற்றோர் விவரம் இல்லாமலே அதைச் சமர்ப்பித்துத் தற்காலிகமாகத் தனித்த மாணவி என்ற நிலையைப் பெறலாம். இறுதி முடிவு உங்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துடையது. அதை எதிர்த்துக் கல்வித் துறையிடம் முறையிட இயலாது. ஆனால், இத்தகைய கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக நிராகரிப்பதையே கொள்கையாக வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை.

நம் வீடுகளில் பலரும் ‘வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்படுகிறார்கள் என்பதால், உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அதிகாரியின் முன் அதை விலக்கிவைத்துவிட்டு, எப்போது வெளியேறினீர்கள், ஏன், கடைசியாக யாரோடு எப்போது பேசினீர்கள் என்பதைத் தேதிகளோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். காவல்துறையில் புகார் செய்யவில்லையே என்று கலங்க வேண்டாம். நடந்ததை அறிந்த ஆசிரியர் அல்லது மனநல ஆலோசகரின் கடிதம், பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழ்வதைக் காட்டும் மின்கட்டண அல்லது மருத்துவக் காப்பீட்டு ஆவணம், நிதியுதவி அதிகாரி உங்களை நேர்கண்டு எழுதிவைக்கும் குறிப்பு ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. தோழியின் பெற்றோரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டால் உங்கள் வருமானம் மட்டுமே கணக்கில் வரும். அப்போது, திருப்பித் தர வேண்டியிராத கூட்டரசு உதவித்தொகையான பெல் மானியத்துக்குத் தகுதி பெறும் வாய்ப்பு மிகவும் கூடும். 2025-26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கூட்டரசு மாணவர்களுக்குத் தரும் நேரடிக் கடனில் இரண்டாம் ஆண்டுக்கான வரம்பும் 6,500 டாலரிலிருந்து 10,500 டாலராக உயரும். ‘பெற்றோர் விவரம் தர மறுக்கிறார்கள்’ என்று மட்டும் குறித்தால் மானியம் கிடைக்காது. படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் கடன் ஒன்றுதான் கிடைக்கும். அந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒருமுறை ஏற்கப்பட்ட நிலை, உங்கள் சூழ்நிலை மாறாதவரை, அதே கல்லூரியில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். வேறு கல்லூரிக்கு மாறினால் அவர்கள் அதை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே முடிவுக் கடிதத்தின் நகலையும் சான்றுகளின் நகல்களையும் உங்களிடமே வைத்திருங்கள்.