நேரில் போவதா, போனில் கேட்பதா? நேர்காணல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சேர், ஆய்வேட்டுக்காக வாகரை மீனவக் குடும்பங்களைப் பேட்டி எடுக்க வேண்டும். சூமில் செய்தால் போதாதா? (மாணவி, வந்தாறுமூலை)

சூம் யாருக்கு வசதி, உங்களுக்கா அவர்களுக்கா? வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் கடலுக்குப் போகிறவரின் பையில் இருந்தால் மனைவி எதில் பேசுவார்? டேட்டாக் காசு யார் போடுவது? பஸ் ஏறுங்கள் மகள். கேட்காததும் கிடைக்கும்.

கல்லடிப் பக்கம் ஒரு அம்மாவிடம் 2004 சுனாமி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய், தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கையால் தொட்டுக் காட்டினார். எட்டித்தான் தொட வேண்டியிருந்தது. றெக்கோடரில் அந்த இடத்தில் செருப்புச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அன்றிரவே குறிப்பு எழுதியதால் தப்பியது.

ஒன்று மட்டும்: வழிகாட்ட வந்த கிராம சேவகரையோ சங்கத் தலைவரையோ பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைக்காதீர்கள். வீட்டைக் காட்டிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எத்தனை பேரைப் பேட்டி எடுக்க வேண்டும்? (களுவாஞ்சிக்குடி)

கானா, நைஜீரியாப் பெண்கள் 60 பேரின் நேர்காணல்களை வைத்து 2006இல் வந்த ஒரு கட்டுரை, முதல் 12 பேருக்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டன என்றது. எல்லோரும் அந்த 12ஐப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே ஆட்களும் ஒரே மாதிரி, கேள்விகளும் ஒரே மாதிரி என்பதை யாரும் வாசிப்பதில்லை.

கேள்வி: சேர், எனக்கும் சூம் போதுமா? (ஒலுவில்)

முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: சேர் சொல்வதை ஏற்க முடியாது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய ஒருவரை நேரில் கேட்டேன். "நல்ல ஊடுதான்" என்றார். உம்மா அடுத்த அறையில். அதே ராத்தா இரவில் வட்ஸ்அப்பில் அரை மணி நேரம் குரல் செய்தி அனுப்பினார். சம்பளம் தராதது, கதவைப் பூட்டி வைத்தது, எல்லாம். (காத்தான்குடி)

சரி, இதில் நான் தோற்றேன். நம் கிழக்கிலங்கைப் பக்கம் கல்யாணமான பெண்ணின் வளவைச் சுற்றி உம்மா, சகோதரிகள் என்று சொந்தமே இருக்கும். நேரில் போனால் ஒருவரிடம் கேட்டு நான்கு பேரின் பதிலை வாங்கி வருவோம். சிறையில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களையும் காவலர்களையும் நேரிலும் போனிலும் பேட்டி எடுத்து ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி: குரல் செய்தி எப்படி நேர்காணலாகும்? குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியாதே! (அக்கரைப்பற்று)

குறுக்கே கேட்காததால்தானே தம்பி அவர் அரை மணி நேரம் பேசினார்? விளக்கத்தை மறுநாள் கேட்கலாம். என் கவலை வேறு. நடு இரவில் அவர் அழுதால் பக்கத்தில் யார்? அந்தக் குரல் அவருடைய போனிலும் கிடக்கிறது. அந்தப் போனை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள் என்று கேட்டீர்களா, காத்தான்குடித் தங்கச்சி? அழிக்கச் சொன்னீர்களா?

கேள்வி: பதிவைத் தானாக எழுத்தாக்கும் செயலி இருக்கிறதா? (கல்முனை)

நம்மூர்ப் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள், சிரிக்கலாம். எனக்கு ஒரு மணி நேரப் பதிவை எழுத ஆறு மணி நேரம்.

கேள்வி: சேர், சூமா நேரிலா? (திருக்கோவில்)

அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், சொல்கிறேன்.