முன்னுரைக்கு நாற்பது நிமிடம் ஏன் ஆகிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத ஆயத்தமாகி வருகிறேன். புதுச்சேரியில் வேலை என்பதால் நாள்தோறும் பேருந்துப் பயணம் உண்டு. கட்டுரைத் தாளுக்கான மாதிரித் தேர்வில் முதல் கட்டுரையின் முன்னுரைக்கே 40 நிமிடம் போய்விடுகிறது. அடித்து அடித்து எழுதுகிறேன். இரண்டாவது கட்டுரை எப்போதும் பாதியில் நிற்கிறது. முன்னுரையை விரைவாக எழுத வழி என்ன? பிளஸ் டூ படிக்கும் என் தம்பிக்கும் ஏதேனும் சொல்ல முடியுமா? நான் எழுதிய ஒரு முன்னுரையை இணைத்துள்ளேன்.

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கட்டுரைத் தாளுக்கு 3 மணி நேரம். இரண்டு பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொரு தலைப்பைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 1,000 முதல் 1,200 சொற்கள் வரை எழுத வேண்டும். கட்டுரைக்கு 125 வீதம் மொத்தம் 250 மதிப்பெண். ஆக ஒரு கட்டுரைக்கு உங்களிடம் உள்ளவை 90 நிமிடங்கள். நிமிடத்துக்கு 15 சொற்கள் எழுதும் ஒருவர் 1,000 சொற்களை எழுதி முடிக்க ஏறத்தாழ 67 நிமிடம் ஆகும். எஞ்சுவது 23 நிமிடம். தலைப்பைத் தேர்வது, சிந்திப்பது, எழுதியதைத் திரும்பப் படிப்பது ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். நீங்கள் முன்னுரைக்கு 40 நிமிடம் செலவிட்டால், மீதியுள்ள 50 நிமிடத்தில் ஒரு கணமும் நிற்காமல் எழுதினாலும் 750 சொற்களைத் தாண்ட இயலாது. அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டாவது கட்டுரையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் அது பாதியில் நிற்கிறது.

15 என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கடிகாரத்தை எதிரில் வைத்து, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தியைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதி, சொற்களை எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுதுவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். ‘வந்துகொண்டிருந்திருக்கலாம்’ என்பதை நாம் ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது நான்கு சொற்கள். எனவே ஆங்கிலத்தில் தேர்வெழுதுவோர் சொல்லும் வேகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அதே எண்ணிக்கைச் சொற்களுக்கு உங்கள் கை கூடுதலாக உழைக்கிறது, கருத்தும் கூடுதலாகவே இடம்பெறுகிறது.

இனி நோய்க்கு வருவோம். முன்னுரையை விரைவாக எழுத வழி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கை மெதுவாக இல்லை. என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவெடுக்காமல் எழுதத் தொடங்குகிறீர்கள், அந்த முடிவைத் தேடும் வேலையையும் முன்னுரையின் தலையிலேயே சுமத்துகிறீர்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உண்மையில் நீங்கள் அடிப்பது வாக்கியத்தை அன்று; மனத்தில் மாறிப்போன நிலைப்பாட்டை.

இதில் நம் இலக்கண மரபு மிகத் தெளிவாக இருந்திருக்கிறது. நூலின் முன்னுரையைப் பாயிரம் என்று அழைத்த நன்னூல், ஒரு குறிப்பிட்ட நூலுக்கே உரிய சிறப்புப் பாயிரத்தை எழுத உரியவர்களாக நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், உரைகாரர் ஆகியோரைச் சொல்கிறது. இவர்களுள் எவரும் நூல் முடியும் முன்பு எழுதியிருக்க முடியாது. படிப்பவருக்கு முதலில் வருவது, எழுதப்படும்போது கடைசியில் வந்தது. அப்பாயிரம் காட்ட வேண்டியவை என்று அந்நூல் எண்ணும் எட்டுப் பொருள்களுள் எல்லை, நுதலிய பொருள், பயன் ஆகிய மூன்றும் தேர்வுக் கட்டுரையின் முன்னுரைக்கும் ஏற்றவாறு பொருத்திக்கொள்ளலாம்: எதைப் பற்றிப் பேசப் போகிறேன், எதுவரை பேசப் போகிறேன், அதைப் பேசுவதால் என்ன தெளிவு கிடைக்கும். ஆக்கியோன் பெயர் தேர்வில் தேவையில்லை, எழுதினால் ஆபத்தும்கூட.

தேர்வறையில் முன்னுரைக்கு இடம் விட்டுவிட்டுப் பொருளுரையை முதலில் எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். விட்ட இடம் போதாமலோ மிஞ்சியோ போகும். நேரம் முடிந்துவிட்டால் வெற்றிடத்துடனே தாளைக் கொடுக்க நேரும். அதற்குப் பதிலாக, விடைத்தாளின் இறுதிப் பக்கங்களுள் ஒன்றைக் குறிப்புக்கு எடுத்துக்கொண்டு, தலைப்பைத் தேர்வது உட்பட 18 நிமிடம் அங்கேயே வேலை செய்யுங்கள். முதலில் தலைப்புக்குச் சார்பானவை, எதிரானவை, எடுத்துக்காட்டுகள் என மனத்தில் வருவதை வரிசை பாராமல் துண்டு துண்டாகக் குறியுங்கள். பிறகு, கட்டுரை முடியும்போது படிப்பவர் மனத்தில் நிற்க வேண்டிய ஒரே வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். அந்த வாக்கியம் கிடைக்கும்வரை விடைப் பக்கத்தைத் தொடாதீர்கள். கிடைத்துவிட்டால், குறிப்புகளில் எவை அதற்கு உதவுகின்றன, எவை வெறும் அலங்காரம் என்பது தானாகவே தெரியும். பின்னவற்றை ஈவிரக்கமின்றி நீக்குங்கள். தேர்வு முடிவில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய முன்னுரையை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: ‘பேரிடர் இயற்கையின் செயல், பேரழிவு மனிதரின் செயல்’. ஐம்பூதங்களில் தொடங்கி, பண்டைத் தமிழர் இயற்கையை வணங்கியதைக் கூறி, பேரிடருக்கு இலக்கணம் வகுத்து, ஒரு குறளையும் சேர்த்து, பதினோராம் வரியில்தான் தலைப்பைத் தொடுகிறீர்கள். நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து வரிகளை மழைநீர் சேகரிப்பு, காடு வளர்ப்பு, கடல் மாசு என எந்தத் தலைப்பின் கீழும் வைக்கலாம். எங்கு வைத்தாலும் பொருந்துவது எங்கும் வேலை செய்யாது. கடலூர்க்காரரான உங்களுக்கு ஐம்பூதங்கள் வரை போக வேண்டிய தேவையே இல்லை. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியதற்கும், அதனால் எழுந்த அலை கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நிலநடுக்கத்தை எவராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்தும் எச்சரிக்கை ஏற்பாடு இந்தியப் பெருங்கடல் நாடுகளிடம் அன்று இருக்கவில்லை. இயற்கையின் சீற்றம் பேரழிவாக மாறுவது இத்தகைய இடைவெளிகளில்தான் என்பதை எச்சரிக்கை, வாழிடம், வாழ்வாதாரம் என்னும் மூன்று தளங்களில் வைத்துப் பார்க்கலாம்.”

இதை எழுத ஐந்து நிமிடம் போதும். முதல் வாக்கியம் ஒரு நிகழ்வு. இரண்டாவதும் மூன்றாவதும், தலைப்பிலுள்ள இரு கூறுகளையும் அந்த நிகழ்விலேயே பிரித்துக் காட்டுகின்றன. நான்காவது, உங்கள் நிலைப்பாட்டையும் கட்டுரையின் எல்லையையும் சொல்லிவிடுகிறது. இதற்குப் பின் பொருளுரை எங்கே போக வேண்டும் என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. எச்சரிக்கை என்ற தளத்தில், 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியதைச் சொல்லலாம். வாழ்வாதாரம் என்ற தளத்தில், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தில் சாய்த்த பலா மரங்களையும் முந்திரியையும் சொல்லலாம். வீட்டுக் கூரையைச் சில வாரங்களில் வேய்ந்துவிட முடியும், ஒரு பலாத் தோப்பை அப்படி மீட்க முடியாது. வாழிடத்துக்கு 2015 வெள்ளம் இருக்கிறது. மாவட்டமே உங்களுக்குக் குறிப்பேடாக அமைந்திருக்கையில் ஏன் பொதுப்படையாகத் தொடங்க வேண்டும்?

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மனப்பாடம் செய்த நிகழ்வை எல்லாத் தலைப்புக்கும் ஒட்டவைக்காதீர்கள். கல்வியைப் பற்றிய கட்டுரையில் சுனாமி வந்தால் திருத்துபவர் புன்னகைப்பார், மதிப்பெண் தரமாட்டார். மேற்கோளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குறள் தலைப்பின் வாதத்தை ஓர் அடியாவது முன்னே நகர்த்தினால் இடம்பெறட்டும். தமிழில் எழுதுகிறோம் என்பதற்கு அடையாளமாக மட்டும் வருமானால் அதை எழுதச் செலவாகும் ஒரு நிமிடத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

பேருந்துப் பயணத்தைப் பற்றி ஒரு குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவையான பயிற்சிக்கு அதைவிட ஏற்ற நேரம் இல்லை, ஏனெனில் அங்கே எழுத முடியாது. காலையில் ஏறும்போது ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, இறங்குவதற்குள் அந்த ஒரு முடிவு வாக்கியத்தையும் மூன்று தளங்களையும் மனத்துக்குள்ளேயே உருவாக்குங்கள். மாலையில் திரும்பும்போது அதற்கான முன்னுரையை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் மட்டும் ஒதுக்கி அதை எழுதுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் பேனாவை வைத்துவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. முழுக் கட்டுரைகளை நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஒரே அமர்வில் இரண்டையும் எழுதினால் போதும். அந்த நாளில் 90-ஆம் நிமிடம் வந்ததும் முதல் கட்டுரை எந்த நிலையில் இருந்தாலும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். முதல் சில வாரங்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

தம்பிக்கு இவ்வளவும் வேண்டாம். 90 மதிப்பெண் தாளுக்கு 180 நிமிடம் என்றால் மதிப்பெண் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண்ணோ அதன் இருமடங்கு நிமிடத்துக்கு மேல் அதில் உட்கார்ந்திருக்கக் கூடாது. வினாத்தாளைப் படிக்கத் தரப்படும் முதல் பத்து நிமிடத்தில் எழுத அனுமதி இல்லை, ஆனால் யோசிக்கத் தடை இல்லை. கட்டுரைத் தலைப்பை அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.