கர்ப்பிணிக்கு ரத்தம் வேண்டுமென்றால் கணவர் கொடுக்கலாமா? ரத்த வங்கி மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாதம். இருவருக்கும் ஒரே குரூப். தேவைப்பட்டால் நானே கொடுத்துவிடுவேன், வெளியாள் எதற்கு?

பதில்: மனைவிக்கு ரத்தம் தருவதில் கணவரைக் கடைசி ஆளாகத்தான் வைப்போம். குரூப் ஒத்துப்போனாலும் சிவப்பணுக்களின் மேல் ஆன்டிஜென் எனப்படும் வேறு பல அடையாளப் பொருட்கள் உண்டு. உங்களுடைய ஒன்றுக்கு எதிராக அவர் உடலில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் உருவாகிவிட்டால், அதே ஆன்டிஜென்னை உங்களிடமிருந்து பெற்று உருவாகும் அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அது அழிக்கக்கூடும். முகம் தெரியாதவரின் ரத்தத்தில் இந்தச் சிக்கல் குறைவு. நீங்கள் இப்போதே வங்கியில் கொடுங்கள், வேறொரு பெண்ணுக்கு உதவும்.

கேள்வி: பிரசவத்தன்று கொடுக்க நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். போதாதா?

பதில்: எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையே இதுதான். தன் வீட்டுக்கென்றால் நள்ளிரவிலும் ஓடி வருவார்கள், சும்மா ஒருநாள் வந்து கொடுங்கள் என்றால் யோசிப்பார்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கி, அந்த ரத்தக்குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். உங்கள் நாலு பேரும் வந்து, ஹீமோகுளோபின் பார்த்து, ரத்தம் எடுத்து, எச்ஐவி, ஹெபடைடிஸ், சிபிலிஸ் சோதனையெல்லாம் முடிய மணிக்கணக்காகும். அதுவரை தாயைத் தாங்குவது, யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன, 2 முதல் 6 டிகிரி குளிரில் காத்திருக்கும் பைதான். சிவப்பணுக்களை 42 நாள் வரை வைக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒரு வாரத்தைத் தாண்டுவதே அரிது. அதனால் ஒருநாள் முகாமில் கூட்டமாக வருபவர்களைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் வந்து போகிறவர்தான் எங்களுக்குத் தங்கம்.

கேள்வி: என்னுடையது ஓ பாசிட்டிவ். ஊரெல்லாம் இருக்கிற குரூப்தானே?

பதில்: அப்படியானால் நோயாளிகளிலும் நிறையப் பேருக்கு அதுதானே! வாருங்கள்.

கேள்வி: பெண்கள் ரத்தம் கொடுத்தால் பின்னால் பிள்ளை பெறுவதில் சிரமம் வரும் என்கிறார் மாமியார்.

பதில்: வராது. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் மட்டும் வேண்டாம். மற்றபடி ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிறதா என்று பார்ப்போம், பெண்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரங்கள் ஆகும். இரும்புச்சத்துதான் மெதுவாக ஏறும். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் அதைக் கவனித்துவிட்டு வரலாம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கினால் என்ன தப்பு?

பதில்: பணத்துக்காக வருபவர் தன் நோயை மறைக்கத் துணிவார். உலக சுகாதார அமைப்பு கட்டணமில்லாத் தன்னார்வ தானத்தை 1975 முதலே வலியுறுத்துகிறது.

கேள்வி: முதல் பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். "யாருடைய ரத்தமோ" என்று வீட்டில் இன்னமும் முணுமுணுக்கிறார்கள்.

பதில்: கொடுத்தவர் யாரென்று வங்கி சொல்லாது. ரத்தத்தோடு குணம் வந்து ஒட்டாது. சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள்தான். அன்று ஏற்றியவை எப்போதோ அழிந்திருக்கும். இப்போது உங்களுக்குள் ஓடுவது முழுக்க உங்கள் எலும்பு மஜ்ஜை உண்டாக்கியது.